குண்டு எங்கே போய் நிற்கும்?

அண்ணன் மகன் டெக்சாஸிலிருந்து வந்திருக்கிறான். வந்த மூன்றாம் நாளே அண்ணி அவனைத் திருவிடந்தைக்கு இழுத்துக்கொண்டு போய், நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் கழுத்தில் மாலையோடு ஒன்பது சுற்றுச் சுற்றவைத்துவிட்டார். நாளுக்கொரு பெண்ணாக ஆண்டு முழுக்கக் கல்யாணம் செய்துகொண்ட வராகப் பெருமாள், இவனுக்கு ஒன்றே ஒன்றை முடித்துத் தரவேண்டும் என்பது வேண்டுதல். சுற்றி முடித்து, மாலையைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மண்டபத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவன், அம்மா அந்தப் பக்கம் நகர்ந்ததும் கைபேசியை என்னிடம் நீட்டினான்.

"சித்தப்பா, இந்த ரெண்டுல எது வாங்கலாம்? நீங்கதான் சொல்லணும்."

திரையில் இரண்டு துப்பாக்கிகள். இரண்டுமே நடுவில் மடிபவை. மடித்தால் பள்ளிக்கூடப் பிள்ளையின் முதுகுப் பையில் அடங்கிவிடும்.

இருபது வருடத்துக்கு மேலாக ஏர் ரைபிள் சுடுகிறவன் என்பதால் என்னைக் கேட்கிறான். அவனும் யோசித்துத்தான் கேட்டான். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருக்கிறவர் வேட்டை உரிமம் போன்ற விலக்கு ஏதும் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அது அங்கே மத்திய அரசின் சட்டம். நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. இவன் தெரிந்துவைத்திருந்தான். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை காத்திருந்து இப்போது கேட்கிறான். அப்படிக் காத்திருந்தவனுக்கு நல்ல பதில் சொல்லவேண்டும்.

அவன் காட்டியவை கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் கார்பைன்கள். தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கிதான். ஆனால் உள்ளே போவது பிஸ்டலுக்கான 9 மி.மீ. தோட்டா. ரைபிள் தோட்டாவோடு ஒப்பிட்டால் மருந்து குறைவு, சத்தம் குறைவு, தோளில் உதையும் குறைவு. பிஸ்டலை வெறும் கையில் நீட்டிப் பிடித்தால் குறி ஆடும். தோள், கன்னம், இரண்டு கைகள் என நாலு இடத்தில் ஊன்றினால் அதே தோட்டா நிதானமாகப் போகும். தோட்டா விலையும் ரைபிள் தோட்டாவைவிடக் குறைவு என்பதால், வார இறுதியில் ஐம்பது நூறு சுட நினைப்பவர்கள் இதைத் தேடுகிறார்கள். குழல் 16 அங்குலம் இருப்பதற்குக் காரணம் 1934-இல் அங்கே வந்த தேசிய துப்பாக்கிச் சட்டம். அதைவிடக் குட்டையான குழல் கொண்ட ரைபிளைப் பதிவுசெய்தாக வேண்டும்.

ஒன்று கெல்-டெக் நிறுவனத்தின் சப்-2000. குழல் மேல்நோக்கி மடிந்து தோள்கட்டைமேல் படுத்துக்கொள்ளும். இரண்டு கிலோகூட இராது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. மற்றொன்று ஸ்மித் அண்ட் வெஸன் 2023-இல் கொண்டுவந்த எஃப்பிசி. அதன் குழல் பக்கவாட்டில் மடியும். மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன வேறுபாடுதான். ஆனால் குறிபார்க்கச் சிவப்புப் புள்ளிக் கண்ணாடியை மேலே பொருத்துகிறவர்களுக்கு அது பெரிய வேறுபாடு. மேல்நோக்கி மடிகிற பழைய மாடலில் கண்ணாடி குறுக்கே நிற்கும்; மடிக்கும்போதெல்லாம் கழற்றவேண்டும், மாட்டியபின் குறியை மறுபடி சரிபார்க்கவேண்டும். பக்கவாட்டில் மடிவதில் அந்தத் தொல்லை இல்லை. அதன் தோள்கட்டைக்குள்ளேயே இரண்டு மேகசினைச் செருகிவைக்கவும் இடம் உண்டு. மடித்த நிலையில் இரண்டுமே சுடாது. அது நல்ல விஷயம்.

"அப்ப இதுதானா?" என்றான், இரண்டாவதைத் தொட்டு.

"தோள்ல வச்சுப் பார்க்காம சொல்லக் கூடாதுப்பா," என்றேன். கன்னம் கட்டையில் இயல்பாகப் போய் உட்கார்கிறதா, கழுத்தை வளைக்காமல் கண் குறிக்கு நேராக வருகிறதா, விசை ஒரே சீராகப் பின்னால் வருகிறதா, நடுவில் இடறுகிறதா? விலையும் எடையும் இதற்குப் பின்னால்தான். மடிப்பு, கொண்டுபோவதற்கும் பூட்டி வைப்பதற்கும் வசதி. குறிக்கு அதனால் ஒரு மில்லிமீட்டர்கூட நன்மை கிடையாது. காது மூடியும் பாதுகாப்புக் கண்ணாடியும் துப்பாக்கிக்கு முன்னால் வாங்கவேண்டியவை. இரும்புத் தகட்டைச் சுடப்போனால் ஈயம் சிதறும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நான் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "எங்கே சுடப்போறே?"

அவன் விழித்தான். நண்பனுக்கு ஊருக்கு வெளியே நிலம் இருக்கிறதாம். பின்னால் மண்மேடு இருக்கிறதா, அதற்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தெரியவில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மனமில்லை. 9 மி.மீ. குண்டு ஒரு கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். புதுக்கோட்டை நார்த்தாமலைப் பக்கத்தில் 2021 டிசம்பர் 30-ஆம் தேதி நடந்ததை நான் மறக்கவில்லை. பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்த சுடுதளத்திலிருந்து தப்பிய குண்டு, தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுப் பையனின் தலையில் பாய்ந்தது. நாலைந்து நாளில் பிள்ளை போய்விட்டான். பயிற்சி பெற்றவர்கள், அரசாங்கத் தளம், மலையடிவாரம் எல்லாம் இருந்தும் நடந்தது. அதனால்தான் என்னிடம் யார் வந்து எந்தத் துப்பாக்கி என்று கேட்டாலும், முதலில் குண்டு போய் நிற்கும் இடத்தைக் காட்டு என்கிறேன். இடத்தைத் தேர்ந்தெடு, பிறகு இலக்கை, கடைசியில் துப்பாக்கியை.

இடம் மட்டுமல்ல, குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் முக்கியம். இதே திருவிடந்தையில் 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. கடைசி நாள் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகக் கூட்டம். நானும் போயிருந்தேன். பீரங்கியையும் டாங்கியையும் எட்ட நின்று பார்த்த பிள்ளைகள், மேசைமேல் இருந்த சிறு துப்பாக்கிகளைக் கண்டதும் விலகவே இல்லை. ஒரு பையன் கார்பைனைத் தோளில் வைத்தான். அவன் அப்பா படம் எடுத்தார். குழல் முனை எதிரே நின்ற இன்னொரு குடும்பத்தின் முகத்துக்கு நேராக இருந்தது. துப்பாக்கி காலிதான். ஆனாலும் நான் போய் அந்தக் குழலைத் தரைப்பக்கம் தாழ்த்திவிட்டு வந்தேன். காலியா இல்லையா என்று பார்த்துப் பழகுகிற கை வேறு, எப்போதும் நிறைந்ததாகவே நினைத்துப் பழகுகிற கை வேறு.

நம் ஊரில் மடியும் கார்பைனைப் பார்க்காதவர் இல்லை. காவல் நிலைய வாசலில், அமைச்சர் வீட்டு வாசலில், இடதுபக்கம் மேகசின் துருத்திக்கொண்டு, கட்டை கீழ்நோக்கி மடிந்து போலீஸ்காரர் தோளில் தொங்குமே, அதுதான். பிரிட்டிஷாரின் ஸ்டெர்லிங்; அதைக் கான்பூர் தொழிற்சாலையில் இங்கேயே செய்யத் தொடங்கினோம். ஆனால் அது இயந்திரத் துப்பாக்கி இனம். டெக்சாஸ்காரன் வாங்கும், ஒரு விசைக்கு ஒரு குண்டு சுடுகிற வகையும் இங்கே சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. நம் ஆயுத விதிகளின் அட்டவணையில், படைகள் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவைச் சுடக்கூடிய பிஸ்டல், ரிவால்வர், கார்பைன் என்று பெயர் சொல்லியே தனி வகையில் ஒதுக்கியிருக்கிறார்கள். உரிமம் இருந்தாலும் எத்தனை என்பதற்குக் கணக்கு உண்டு: மூன்றாக இருந்ததை 2019-இல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள்.

இந்தக் கட்டுப்பாடு சரியென்றே நான் நினைக்கிறேன். இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கிறோம். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு சவுக்குத் தோப்பைக் காட்டுங்கள், அதற்குப் பின்னால் ஒரு குப்பம் இருக்கும். கரையில் வலை உலர்த்துகிறவர் இருப்பார். தை பிறந்தால் இரவில் ஆமை முட்டை தேடி டார்ச் விளக்கோடு நடக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். கடலைப் பார்த்துச் சுட்டால் ஆபத்தில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். தட்டையாக விழுகிற குண்டு, சில்லு எறிந்தால் தண்ணீரில் தத்துமே, அப்படித் தத்திப் போகும். அந்தப் பக்கம் கட்டுமரம் இருக்கும்.

பொழுதுபோக்குக்குச் சுடுவதற்கு எதிராகச் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு குரல் எழுந்து இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டியிருந்த பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விளையாட்டாகச் சுட்டுத்தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் திரண்டுபோய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். 1798-இல் கலெக்டர் லயனெல் பிளேஸ், இங்கே யாரும் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். துப்பாக்கி வைத்திருந்தவரிடம் போய், இது உன் இலக்கு இல்லை என்று சொன்ன அந்த விவசாயிகளை எனக்கு மிகவும் பிடிக்கும். இன்றும் மார்கழியில் அங்கே நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்குகின்றன.

அப்படியானால் இங்கே இருப்பவர் எதைத்தான் சுடுவது? 4.5 மி.மீ. ஏர் ரைபிள். குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாதவரை அதற்கு உரிமம் வேண்டாம். அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். உரிமம் வேண்டாம் என்பதால் விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. கண்ணைப் பறித்துவிடும், குருவியைக் கொன்றுவிடும், அது குற்றம். அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் தொடங்கிய இயக்கத்தில் பறவைகளுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏர்கன்களை மக்களே முன்வந்து ஒப்படைத்தார்கள்.

அதே குழலைப் பத்து மீட்டர் தள்ளி ஒரு காகிதத்துக்கு நேராகத் திருப்புங்கள், அது வேறொரு உலகம். இலக்குத் தாளின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வட்டம் அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளிதான். ஐந்தரைக் கிலோவுக்கு மேற்படாத ரைபிளைத் தாங்கிக்கொண்டு நின்றபடி அறுபது முறை சுடவேண்டும். மூச்சை எங்கே நிறுத்துவது என்பது முதல் வருடத்தில் பிடிபடும். இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவில் விசையை அழுத்துவது எனக்கு ஏழாம் வருடத்தில்தான் பிடிபட்டது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோது கடைசிக் குண்டு 10.8. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதன் அப்படி அசையாமல் நின்றதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர்; 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் இதே பத்து மீட்டரில் தங்கம்.

கார்பைன் வேண்டாம் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. பூட்டு இருக்கிற அலமாரி, மேற்பார்வை இருக்கிற சுடுதளம், முதல் மூன்று மாதம் வாங்காமல் அங்கேயே வாடகைத் துப்பாக்கி. இதற்கு ஒப்புக்கொண்டால் பக்கவாட்டில் மடிவதை வாங்கு என்றேன். மேகசினில் ஐந்துக்கு மேல் போடாதே என்றும் சொன்னேன். நிறையக் குண்டு இருந்தால் குறி சோம்பேறி ஆகிவிடும்.

சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனோம். பலூன் பலகை நின்றிருந்தது. கடைக்காரர் குழலை ஒடித்து, ரவையை வைத்து, நிமிர்த்தி நீட்டினார். அதுவும் நடுவில் மடிகிற துப்பாக்கிதான். இவன் வாங்கிக்கொண்டு, முனையை மணலைப் பார்த்துத் தாழ்த்தினான். சுடவில்லை. பலகைக்குப் பின்னால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே பத்தடி தள்ளி ஒரு குடும்பம் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, பலகையை அந்தச் சுவர்ப் பக்கமா திருப்பிப் போட்டுக்கலாமா?"

கடைக்காரர் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பலகையின் ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனையை இவன் பிடித்துக்கொண்டான்.