கைப்பக்குவம் என்று சொல்லாதீர்கள்

கருத்தரங்க மேடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: கதை சொல்வதும் சமைப்பதைப் போலத்தான், பெண்களுக்கு அது இயல்பாக வரும் என்பார்கள். அரங்கம் கைதட்டும், நாமும் சேர்ந்து தட்டுவோம். அந்த ஒப்பீட்டோடு எனக்குச் சண்டை இல்லை. 'இயல்பாக' என்ற சொல்லோடுதான் சண்டை.

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் களி கிண்டுகிறவர்களைக் கேளுங்கள். உலை கொதிக்க வேண்டும், நொய் வேக வேண்டும், கேழ்வரகு மாவைக் கொட்டி உடனே கிளறாமல் விட வேண்டும், பிறகு துடுப்பைப் போட்டுக் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். இந்த வரிசை மாறாது. மற்றதெல்லாம் மாறும். நொய் எவ்வளவு மிச்சம், இன்றைக்கு எத்தனை வாய், தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலா, கருவாட்டுக் குழம்பா? தினமும் ஒருத்தி இருப்பதைப் பார்த்து முடிவெடுக்கிறாள்.

கதைசொல்லியும் இதையேதான் செய்கிறாள். மாமியார் கொடுமை, காட்டுக்குத் துரத்தல், உதவிக்கு வரும் பாம்பு எல்லாம் பொதுச்சரக்கு. எதை முதலில் போடுவது, எங்கே நிறுத்துவது, பேத்தி பக்கத்தில் இருந்தால் எதை விடுவது என்பது அவள் தீர்மானம். அது பிறவியில் வந்ததல்ல, பழகிப் பெற்ற அறிவு.

இந்த அறிவைக் கல்வியுலகம் என்ன செய்தது? 1910-இல் பின்லாந்தின் ஆன்டி ஆர்னே கதைகளை வகை பிரித்தார். அமெரிக்காவின் ஸ்டித் தாம்சன் அதை விரித்தார், 2004-இல் ஜெர்மனியின் ஹான்ஸ்-யோர்க் ஊத்தர் திருத்தினார். சிண்டரெல்லா கதைக்கு 510 என்று எண் கிடைத்தது. மூவரின் பெயரும் சேர்ந்து அந்த அட்டவணையின் பெயராக நிற்கிறது. கதையைச் சொன்ன கிழவிகள் எண்ணுக்குள் மறைந்துபோனார்கள்.

1928-இல் விளாதிமிர் புராப் ருஷ்ய மாயக்கதைகளில் 31 செயல்களைக் கண்டார். கடைசிச் செயல் நாயகனின் திருமணம். பெண்ணை மையமாகக் கொண்ட கதைகளில் திருமணத்துக்குப் பிறகுதான் துன்பம் தொடங்குகிறது என்று காட்டியவர் ஏ.கே. ராமானுஜன். அவனுக்குக் கதை முடிகிற இடத்தில் அவளுக்கு அடுப்பு மூட்டுகிற வேலை தொடங்குகிறது.

1991-இல் வந்த ராமானுஜனின் இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. இரண்டு மகன்களும் இரண்டு மருமகள்களும் ஒரு விதவைத் தாயைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். சொல்லி அழ ஆளில்லை. சொல்லாத குறையெல்லாம் உள்ளே தங்கி அவள் உடம்பு பருக்கிறது. ஒருநாள் பாழடைந்த வீட்டின் நான்கு சுவர்களிடம் போய், ஒவ்வொருவர் மேலும் உள்ள குறையை ஒவ்வொரு சுவரிடம் சொல்கிறாள். சொல்லச் சொல்லச் சுவர் விழுகிறது, உடம்பு லேசாகிறது. அமைப்பு என்று நாம் பாடம் நடத்துவது இந்த நான்கு முறை வரும் திருப்பத்தைத்தான். அவளுக்கோ அது நான்கு பேர் ஏற்றிய பாரம்.

சுவராவது கேட்டது. நம் களப்பணிப் படிவம் கேட்பதில்லை. 'தகவலாளி' என்று தலைப்பிட்டு, தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு வருகிறோம். 2019-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். அவ்வேலை செய்யும் ஆண்களுக்கோ 97 நிமிடம். இதுவா தொழில் இல்லாத வாழ்க்கை?

கல்யாணத்துக்குச் சமைப்பவர் மாஸ்டர், அவருக்குக் கூலி உண்டு. பாரதக் கூத்து வாத்தியாரின் பெயர் நோட்டீஸில் வரும், வரத்தான் வேண்டும். வீட்டில் செய்தால் மட்டும் கைப்பக்குவம், பாட்டி கதை. இயல்பு என்று பெயர் வைத்துவிட்டால் கூலியும் கொடுக்க வேண்டாம், பெயரும் போட வேண்டாம்.

மாணவிகளே, அடுத்த முறை கதை சேகரிக்கப் போகும்போது படிவத்தில் 'தகவலாளி'யை அடித்துவிட்டு 'கதைசொல்லி' என்று எழுதுங்கள். அவர் சம்மதித்தால் பெயரை முழுதாகப் போடுங்கள். யாரிடம் கற்றார், என்ன வேலை செய்துகொண்டே சொன்னார், எதை மாற்றிச் சொன்னார் என்று கேளுங்கள். கதையின் எண்ணை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.