முதல்ல பேப்பர் வாங்குங்க, அப்புறம் கலர்

கடைசி வருஷம் வந்ததும் நம்மில் பல பேருக்கு ஒரு ஆசை வருது: "பிளேஸ்மென்ட் டென்ஷனுக்கு நடுவுல ஏதாவது ஒரு ஹாபி வேணும், பெயிண்டிங் பண்ணலாமா?" நல்ல ஆசைங்க. ஸ்கூல்ல டிராயிங் பீரியடைக் கணக்கு டீச்சருக்கு விட்டுக் கொடுத்துட்டு வந்தவங்க நாம. ஆனா அடுத்த நிமிஷமே போனை எடுத்து, 48 கலர், 15 பிரஷ், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்த பெரிய செட்டா ஆர்டர் போடறோம். பல ரூம்ல அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியிலதான் கிடக்குது.

என் கருத்து இதுதான்: புதுசா ஆரம்பிக்கறவங்களுக்குப் பெரிய செட் ஒரு தடை. முதல் தடவை ஒரு ஷிப்ட் சம்பளத்துக்கு மேல செலவு பண்ணாதீங்க. அவிநாசிப் பக்கம் பல வீடுகளுக்குக் காசு வர்றதே ஷிப்ட் கணக்குலயும் பீஸ் ரேட்லயும்தான். விலை கூடக் கூட "வீணாயிடுமோ"ங்கற பயமும் கூடும். பயந்துட்டே வரைஞ்சா கை ஓடாது.

சரி, அந்தக் காசுல பெரும்பங்கை எதுல போடறது? பேப்பர்ல. காரணம் நமக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதான். பனியன் கம்பெனில துணியை வட்டமா 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடை போட்டு, அந்த கிராமை 100-ஆல் பெருக்கி ஜி.எஸ்.எம். சொல்வாங்க. டி-ஷர்ட் துணின்னா சாதாரணமா 180 பக்கம் வரும். பேப்பருக்கும் இதே கணக்குதான். நாம ரெக்கார்டு பிரிண்ட் எடுக்கற ஏ4 தாள் 70-லிருந்து 80 ஜி.எஸ்.எம். அதுல தண்ணி பட்டா அலை அலையா வளையும், ரெண்டு தடவை தேய்ச்சா பிசிறு பிசிறா வரும். வாட்டர் கலருக்கு 300 ஜி.எஸ்.எம். தாள் வேணும். மெல்லிசுத் தாள்ல வரைஞ்சுட்டு "எனக்கு இது வராது"ன்னு விட்டுடறோம். தப்பு தாள் மேல.

கலர் நாலு போதும்: லெமன் யெல்லோ, கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா. பிரிண்டிங் யூனிட்ல போட்டோ மாதிரி டிசைனையே நாலு கலர்ல அடிச்சுடறாங்களே! கறுப்பு டியூப் கூட வேண்டாம். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாக் கலந்தா கிட்டத்தட்டக் கறுப்பு வந்துடும். ஸ்டூடன்ட் கிரேடுல நிறமி கம்மி, நிரப்புப் பொருள் ஜாஸ்தி. பழகறதுக்கு அது தாராளம்.

பிரஷ் ரெண்டு: சிந்தெடிக் ரவுண்டு, 6-ம் நம்பரும் 10-ம் நம்பரும். தண்ணில நனைச்சு உதறினா நுனி ஊசி மாதிரி சேரணும். மத்ததெல்லாம் வீட்லயே இருக்கு. கலர் கலக்க ஒரு வெள்ளைத் தட்டு (அதுல மறுபடியும் சாப்பிடாதீங்க), தண்ணிக்கு ரெண்டு டம்ளர், பிரஷ் துடைக்கக் காட்டன் பனியன் வேஸ்ட். பாலியஸ்டர் வேஸ்ட் தண்ணியைச் சரியா உறிஞ்சாது, பார்த்து எடுங்க.

அக்ரிலிக், ஆயில்? அக்ரிலிக் காய்ஞ்சா பிளாஸ்டிக் மாதிரி இறுகிடும். கழுவ மறந்தா அந்த பிரஷ் அவ்வளவுதான். ஆயில் பெயிண்ட் காய நாள் கணக்காகும், டர்பன்டைன் நாத்தத்துக்கு ரூம்மேட்டே நம்மளை வெளிய அனுப்பிடுவான். ரெண்டையும் அப்புறம் பாத்துக்கலாம்.

"இவ்வளவு கம்மியா வச்சு வரைஞ்சா இன்ஸ்டால போடற மாதிரி வருமா?"ன்னு கேப்பீங்க. உடனே வராது. வரணும்னு என்ன அவசியம்? 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து சென்னை ஓவியர்கள் சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கினப்போ, துணியில மெழுகு பூசிச் சாயம் ஏத்தற பாத்திக் மாதிரியான கைவினைப் பொருட்களை வித்து வயித்தைப் பாத்துக்கிட்டாங்க. வரையறதை மட்டும் அவங்க இஷ்டத்துக்கு வரைஞ்சாங்க. முழுநேர ஓவியர்களே படத்துக்குன்னு ஒரு சுதந்திரத்தைக் காப்பாத்தி வச்சிருந்தாங்க. நாளைக்கு நமக்கு வேலை சம்பளம் தரும். மார்க், லைக், சம்பளம் எதுவும் கேக்காத ஒரு மணி நேரம் இருக்கட்டுமே.

ஆக, இந்த வாரம் ஒரு 300 ஜி.எஸ்.எம். தாளை எடுத்து நாலா வெட்டுங்க. கொடியில காயற துணி, டீ கிளாஸ், ஜன்னல் வழியாத் தெரியற மொட்டை மாடின்னு கண்ணுல படறதை வரைங்க. நாலும் மோசமா வந்தாலும் செலவானது ஒரே ஒரு தாள்தான்.