பார்லிமெண்டுத் தேர்தலும் தொழில் பழகுநர் கதியும்

2024 ஆம் வருஷத்திய பார்லிமெண்டுத் தேர்தலின் முடிவு அவ்வருஷம் ஜூன் மாதம் 4 ந் தேதி வெளியாயிற்று. 2019 இல் 303 ஸ்தானங்களைப் பெற்றிருந்த பாரதிய ஜனதா கட்சியார் 240 க்கு இறங்கி, 543 ஸ்தானங்கள் கொண்ட சபையில் மெஜாரிட்டிக்கு வேண்டிய 272 தங்களுக்குத் தனியாகக் கிடைக்காமல், கூட்டாளிகளையும் சேர்த்து 293 என்று கணக்குக் காட்டி மந்திரி சபை அமைத்தார்கள். 52 ஆக இருந்த காங்கிரசார் 99 ஆனார்கள். இதற்கு ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் தத்தமக்குப் பிடித்த வியாக்கியானங்களைச் செய்து கொண்டார்கள். அந்த வியாக்கியானங்களில் நமக்கு வேலை இல்லை. அத்தேர்தலில் பேசப்பட்டு, முடிவு வெளியான ஏழே வாரத்தில் பட்ஜெட்டிலும் ஏறிய ஒரு விஷயத்தைப் பற்றியே எழுதுகின்றோம். அதாவது, படித்துவிட்டு வேலையின்றித் திரியும் வாலிபர்களைத் தொழில் பழகுநராக, ஜனங்கள் சாதாரணமாய்ச் சொல்லுகிறபடி அப்ரண்டிசாக, வைத்துக் கொள்ளுவது என்கின்ற விஷயமாகும்.

தேர்தலுக்காகக் காங்கிரசார் 2024 ஏப்ரல் 5 ந் தேதி வெளியிட்ட விஞ்ஞாபனத்தில், 25 வயதுக்குட்பட்ட டிப்ளமாக்காரர், பட்டதாரி ஆகிய ஒவ்வொருவருக்கும் ஒரு வருஷகாலம் தொழில் பழகும் உரிமை சட்டத்தின் மூலமே அளிக்கப்படும் என்றும், அவ்வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் கொடுக்கப்படும் என்றும் வாக்களித்தார்கள். ஜூலை 23 ந் தேதி பட்ஜெட் படித்த நிதிமந்திரி நிர்மலா சீதாராமன் அம்மையார், 500 பெரிய கம்பெனிகளில் 5 வருஷத்தில் 1 கோடி வாலிபர்களுக்கு இன்டர்ன்ஷிப் என்னும் 12 மாத வேலைப் பழக்கம் அளிக்கப்படும் என்றும், மாதம் 5,000 ரூபாயும் ஒரே தடவையாக 6,000 ரூபாயும் கொடுக்கப்படும் என்றும் சொன்னார். உடனே திரு. ப. சிதம்பரம், தேர்தல் முடிவு வந்த பிறகாவது நிதிமந்திரி எங்கள் விஞ்ஞாபனத்தைப் படித்திருக்கிறார் என்பதில் சந்தோஷம் என்று பரிகாசம் செய்தார். திரு. ராகுல் காந்தியும் இது காப்பி என்றே சொன்னார்.

காப்பி என்றே வைத்துக் கொள்ளுவோம். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனாவது முழுவதையும் பார்த்து எழுதுவான். இங்கோ 1 லட்சம் ரூபாய் 66,000 ரூபாயாகக் குறைந்து போயிற்று. உரிமை என்கின்ற சொல் அடியோடு விட்டுப் போயிற்று. ஆனால், பார்க்கப்பட்ட விடைத்தாளும் குற்றமற்றதல்ல. பத்தாவது வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்த ஏழைப் பிள்ளைக்குக் காங்கிரசார் வாக்கில் இடமில்லை. அவனுக்குச் சர்க்கார் திட்டத்திலாவது இடமிருந்தது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை.

நிற்க, பிள்ளை யாருடையது என்று இரண்டு கட்சியாரும் சண்டையிட்டார்களே ஒழிய, அந்தப் பிள்ளை என்ன கதியில் இருக்கிறது என்று இருவரில் எவரும் சண்டையிடக் காணோம். அது தெரியவேண்டுமானால் 1961 ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின் 18 ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். தொழில் பழகுநர் என்பவர் பயிற்சி பெறுகிறவரேயன்றித் தொழிலாளி அல்ல என்றும், தொழிலாளர் சம்பந்தமான எந்தச் சட்டமும் அவருக்குச் செல்லாது என்றும் அப்பிரிவு கூறுகின்றது. வேலை நேரத்துக்கும், காயம் பட்டால் நஷ்ட ஈட்டுக்கும் அச்சட்டத்திலேயே தனி விதிகள் உண்டு. ஆனால் தொழிலாளிக்குரிய குறைந்தபட்சக் கூலியும், வேலையை விட்டு நீக்கினால் தொழிலாளி என்கிற முறையில் வழக்காடும் உரிமையும் அவனுக்கு இல்லை. 2019 இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, படிப்புக்குத் தக்கபடி மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உபகாரச் சம்பளம் என்று ஏற்பட்டது. அது கூலியல்ல, உபகாரமாம்!

இச்சட்டத்தைச் செய்தவர்கள் காங்கிரஸ் சர்க்கார். அதைத் தளர்த்தினவர்கள் பாரதிய ஜனதா சர்க்கார். சட்டத்தை மீறும் முதலாளிக்கு 6 மாதம் வரை சிறைவாசம் விதிக்கலாம் என்றிருந்ததை 2014 இல் எடுத்துவிட்டு அபராதம் மாத்திரம் போதும் என்றாக்கினார்கள். பயிற்சி முடித்தவனை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தன் கொள்கையைத் தானே வகுத்துக் கொள்ளலாம் என்றும் எழுதி வைத்தார்கள். பூனைக்கும் பாலுக்கும் உள்ள கணக்கைப் பூனையே எழுதிக் கொள்ளட்டும் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மேலும், 2025 நவம்பர் 21 ந் தேதி நடைமுறைக்கு வந்த கூலிச் சட்டத் தொகுப்பிலும் தொழிலாளி என்பதற்குப் பொருள் சொல்லும் இடத்தில் தொழில் பழகுநர் நீங்கலாக என்றே இருக்கின்றது. கட்சிக் கொடிகள் மாறினாலும் நீங்கலாக என்கின்ற அந்த ஒரு சொல் மாறவில்லை.

இதன் பலன் என்ன ஆயிற்று என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்லுவோம்.

முதலாவது ரயில்வே. முதலாளிகளுக்கெல்லாம் வழி காட்ட வேண்டியது சர்க்காரே நடத்தும் ரயில்வேயல்லவா? அங்கே பயிற்சி முடித்து, பரீட்சையிலும் தேறிச் சர்ட்டிபிகேட் வாங்கிய வாலிபர்கள், வேலை கேட்டு 2018 மார்ச் 20 ந் தேதி காலையில் பம்பாயில் மாதுங்காவுக்கும் தாதருக்கும் இடையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கீழ்ப்படி வேலைகளில் 100 க்கு 20 மாத்திரமே தங்களுக்கு ஒதுக்கப்பட்டது போதாது என்பது அவர்கள் முறையீடு. தொழில் தெரியவில்லை என்று இவர்களைத் தள்ள முடியுமா? தொழில் கற்றுக் கொடுத்ததே ரயில்வேதானே! ஒருவனுக்குச் சமையல் கற்றுக் கொடுத்து, அவன் சமைத்ததை வருஷக்கணக்காய்ச் சாப்பிட்டுவிட்டு, பிறகு நீ எங்கள் சமையற்காரனல்ல என்று கதவைச் சாத்துவது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது நமது நாட்டு நூற்பாலைகள். கோயமுத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து ஆலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று வெகு காலம் நடந்தது. தாலி கட்டாத ஏழைப் பெண்களை அப்ரண்டிஸ் என்று பெயர் சொல்லி மூன்று வருஷத்துக்கு அழைத்து வந்து, ஆலை விடுதியிலேயே வைத்து, சொற்பக் கூலியில் வேலை வாங்கி, முடிவில் கலியாணத்துக்கென்று ஒரு தொகை தருவதாகச் சொல்லுவது அத்திட்டம். நோய் கண்டோ மனம் நொந்தோ நடுவில் வீடு திரும்பிய பெண்கள் பலர் அத்தொகையை இழந்தார்கள். நூல் முறுக்கும் இயந்திரத்தருகில் நிற்கப் பழகிக் கொள்ள மூன்று வருஷம் வேண்டுமா? பிடித்தம் செய்யப்பட்டது அவள் கூலி. அதையே சீதனம் போலத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்குத் தர்மம் என்று பெயர்! வரதட்சணைத் தடைச் சட்டம் ஏற்பட்டதும் 1961, தொழில் பழகுநர் சட்டம் ஏற்பட்டதும் 1961. ஒரே வருஷத்துச் சட்டங்கள் இரண்டுக்கும் ஒரே சூழ்ச்சியால் நாமம் போட்டார்கள். பதிவும் ஒப்பந்தமும் இல்லாமல் ஒரு பெண்ணின் உழைப்பைத் திருட, அப்ரண்டிஸ் என்கிற சொல் ஒன்றே போதுமானதாயிற்று. 2008 இல் தமிழ்நாடு அரசு இவ்வாலைப் பயிற்சியாளருக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது, ஆலை முதலாளிகள் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். கற்பிப்பதுதான் நோக்கமென்றால் கூலியைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?

இனி 2024 பட்ஜெட்டின் திட்டம் நடந்த லட்சணத்தையும் பார்ப்போம். அவ்வருஷம் அக்டோபரில் ஆரம்பித்த முதல் சுற்றில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் இடங்கள் இருப்பதாகக் கம்பெனிகள் அறிவித்தன. வந்த விண்ணப்பங்கள் 6 லட்சத்துக்கு மேல். வந்து சேர்ந்தவர்களோ ஏறக்குறைய 8,700 பேர். அதாவது 100 இடத்துக்கு 7 பேர்! இடம் தூரம், வேலை பிடித்தமில்லை, 12 மாதம் நீளம் என்று பிள்ளைகள் சொன்னதாகச் சர்க்காரே பார்லிமெண்டில் பதில் சொன்னார்கள். ஆச்சரியம் என்ன இருக்கிறது? அயலூரில் அறை வாடகை கொடுத்து, இரண்டு வேளை சாப்பிட்டு, ஊருக்கும் போய்வர மாதம் 5,000 ரூபாய் போதுமா என்று பட்ஜெட் எழுதியவர்கள் ஒரு மாதம் இருந்து பார்த்திருந்தால் விளங்கியிருக்கும். அப்படி இருந்தாலும், 12 மாதம் கழித்து வேலை கொடுக்க வேண்டுமென்று கம்பெனிக்குக் கட்டாயம் எதுவும் கிடையாது.

கற்றுக் கொள்ள வருகிறவனுக்குக் கூலி எதற்கு, உரிமை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நாம் இங்கிலாந்தைக் காட்டுவோம். அங்கும் அதே 2024 இல், ஜூலை 4 ந் தேதி, பார்லிமெண்டுத் தேர்தல் நடந்து தொழிற் கட்சியார் 400 க்கு மேற்பட்ட ஸ்தானங்களைப் பிடித்தார்கள். அங்கும் கட்சிகள் அப்ரண்டிசைப் பற்றிப் போட்டி போட்டே பேசின. ஆனால் அங்கு அப்ரண்டிஸ் என்பவன் சட்டப்படி வேலையாள். கூலி உண்டு, கூலியோடு விடுமுறையும் உண்டு. 30 லட்சம் பவுனுக்கு மேல் வருஷக் கூலி கொடுக்கும் முதலாளிகளிடம், அதற்கு மேற்பட்ட தொகையில் 200 க்கு 1 வீதம் 2017 முதல் பயிற்சிக்கென்றே வரி வாங்குகிறார்கள். அங்கும் குறையில்லாமலில்லை, 2025 ஏப்ரலில் பெரியவனுக்கு மணிக்கு 12 பவுன் 21 பென்சு என்றும், அப்ரண்டிசுக்கு 7 பவுன் 55 பென்சு என்றும் நிர்ணயித்தார்கள். ஆனாலும் அது சட்டம் அளக்கும் கூலி. அவன் கற்றுக் கொள்ளுவதாலேயே அவன் உழைப்பு காணாமற் போய்விடுகிறதில்லை.

இதனால் அப்ரண்டிஸ் முறையே கூடாது என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ண வேண்டாம். நம் நாட்டில் தொழில் பழகுவதென்பது வெகு காலமாகப் பிறப்பைப் பொறுத்ததாகவே இருந்தது. குயவன் மகன் சக்கரத்தண்டையும், வண்ணான் மகன் துறையண்டையும் பழக வேண்டியவர்களே. மகன் கேட்டாலும் வேறு தொழிலின் கதவு திறக்காது. 1953 இல் திரு. ராஜகோபாலாச்சாரியார் பள்ளிக்கூடத்தைப் பாதி நேரமாக்கி, மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டதும் இந்த மனப்பான்மையினாலேதான். 1954 இல் அவர் பதவி விலகி, காமராஜர் முதல் மந்திரியாக வந்து அதைக் கைவிட்டார். அப்படியிருக்க, யார் வீட்டுப் பிள்ளையாயினும் கையெழுத்துப் போட்டு எந்தத் தொழிலையும் பழகலாம் என்று ஒரு சட்டம் இருப்பதும், அதில் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் மலைசாதியாருக்கும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் இடம் ஒதுக்கியிருப்பதும் நாம் கட்டிக் காக்க வேண்டிய நன்மைகளேயாகும். பிறப்பால் வந்த தளை அறுந்த இடத்தில் பெயரால் ஒரு தளை வரக்கூடாது என்பதே நமது கவலை.

ஆகவே தோழர்களே! 2029 இல் மறுபடியும் ஓட்டுக் கேட்க வருவார்கள். எத்தனை லட்சம் பேருக்குப் பயிற்சி என்று எண்ணிக்கை சொல்லுவார்கள். எண்ணிக்கையைக் கேட்டு மயங்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். தொழில் பழகுநரைத் தொழிலாளி என்று சட்டத்தில் எழுதுவாயா? அவனுக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டா? பயிற்சி முடித்தவனை எடுக்காமல் மறு வருஷம் அதே இடத்தில் வேறொரு அப்ரண்டிசை வைக்கிற முதலாளியை என்ன செய்வாய்? இம்மூன்றுக்கும் நேரான பதில் சொல்லுகிறவர் எந்தக் கட்சியாராயினும் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். பதில் சொல்லாமல் வாலிபர்களே நாட்டின் செல்வம் என்று பிரசங்கம் ஆரம்பிப்பாராகில், அந்தச் செல்வத்தை யார் பெட்டியில் போடப் போகிறார் என்பதையும் அப்பொழுதே கேட்டுவிடுங்கள்.