சூரியகாந்தியைச் சாட்சிக்கு அழைப்போர்

சில காலத்துக்கு முன்னர், பாடசாலை விழாவொன்றிலே பெரியவர் ஒருவர் சமுதாய ஒற்றுமை பற்றிப் பேசக் கேட்டேன். சூரியகாந்தியை அவர் உவமையாக எடுத்துக்கொண்டார். "அது ஒரு பூவன்று; பல பூக்களின் கூட்டம். ஓரத்துப் பூக்கள் வண்டை அழைக்கும். நடுவிலுள்ளவை விதை தரும். அவையவை பிறந்த இடத்தில் நின்று தத்தம் தொழிலைச் செய்கின்றன. மனிதரும் அவ்வாறு நின்றாற் சமுதாயம் சிறக்கும்" என்றார். சபை கைதட்டியது. எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. சாதிக்கு ஒரு புதிய சாட்சியைத் தேடி அவர் பூந்தோட்டத்துக்குட் புகுந்துவிட்டார் என்றே எனக்குப் பட்டது. சாட்சியை அழைத்தவர் அதனை முழுமையாக விசாரித்தாரா என்பதே என் கேள்வி.

அவர் கூறியதில் முற்பாதி உண்மையே. சூரியகாந்தியும் செவ்வந்தியும் நம் வயலோரத்துக் கையாந்தகரையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 25,000க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெருங்குடும்பம் அது. நாம் மஞ்சள் இதழ் என்று கருதுவது ஒரு தனிப் பூ. நடுத்தட்டிலே நெருங்கி நிற்கும் குழல்கள் ஒவ்வொன்றும் மகரந்தமும் சூலகமும் உடைய முழுப் பூ. நாம் கொறிக்கும் ஒவ்வொரு விதையும் ஒரு சிறுபூ ஈன்ற தனிக் கனி. சூரியகாந்தியின் ஓரத்துப் பூக்கள் மலடு என்பதும் மெய்யே.

ஆனால், குடும்பத்தில் ஒருவரை மாத்திரம் விசாரித்துத் தீர்ப்புக் கூறலாமா? பாடசாலை வேலியோரத்தில் மூக்குத்திப் பூண்டு படர்ந்து கிடக்கிறது. வெட்டுக்காயப் பூண்டு என்பதும் அதுவே. அதன் ஓரத்துப் பூக்கள் மலடல்ல. பெண்மையுடைய அவையும் விதை தருவன. சீதேவி செங்கழுநீரிலோ ஓரத்துப் பூவென்று தனியாக ஒன்று இல்லை, எல்லாம் குழற்பூக்களே. எழுத்தாணிப் பூண்டில் எல்லாம் நாக்குப் போன்ற பூக்கள். அவை அனைத்தும் வண்டையும் அழைக்கும், விதையும் தரும். ஆகவே, "ஓரம் உழைக்க, நடு விளைய" என்பது இக்குடும்பத்தின் சட்டமன்று. சூரியகாந்தி போன்ற சிலவற்றின் வழக்கம் மாத்திரமே.

சூரியகாந்தியில்தானும் அவ்வழக்கம் மாறாததன்று. 1888ஆம் ஆண்டிலே பிரான்சின் ஆர்ல் நகரில் இருந்து வின்சென்ற் வான் கோ வரைந்த சூரியகாந்திகளைப் படத்திலேனும் பலர் பார்த்திருப்பர். அவற்றுட் சிலவற்றில் நடுத்தட்டே தெரியாது. தலை முழுவதும் இதழ் மயம். இத்தகைய பூக்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2012இல் அதன் காரணத்தை வெளியிட்டனர். வழக்கமாக ஓரத்திலே மாத்திரம் இயங்கும் பரம்பரையலகு ஒன்று இவற்றில் நடுவிலும் இயங்கிவிடுகிறது. குழற்பூவாக வேண்டியது இதழ்ப்பூவாகிவிடுகிறது. இதனின்று பெறப்படுவது யாது? ஒரு தலையிலுள்ள சிறுபூக்கள் யாவும் ஒரே செடியின் ஒரே பரம்பரைச் செல்வத்தை உடையன. அவற்றை வேறுபடுத்துவது பிறப்பன்று. எந்த அலகு எந்த இடத்தில் விழித்துக்கொள்கிறது என்பதே. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்க விரும்புவோருக்கு இதைவிட மோசமான சாட்சி கிடைப்பது அரிது.

இக்குடும்பத்தின் சிறுபூக்களை ஆண்டுக்கணக்காக நுணுகி ஆராய்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஹென்றி கசினி (1781–1832). அவருடைய முன்னோர் நான்கு தலைமுறையாகப் பாரிஸ் வானாய்வு நிலையத்தை நடத்தியவர்கள். அவரோ விண்மீன்களை விட்டு நீதிபதியானார். ஓய்வு நேரத்திற் பூக்களை ஆராய்ந்தார். குலத்தொழிலைக் கைவிட்ட ஒருவரே கூட்டுப்பூவின் இயல்பை நமக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் என்பதைப் பெரியவர் அறிந்திருப்பின், வேறு உவமை தேடியிருப்பார்.

இப்படிக் கூறுவதால், பூவைக் காட்டிச் சமத்துவத்தை நிறுவ நான் முயல்கிறேன் என்று எவரும் கருதவேண்டாம். அதுவும் அதே பிழையாகும். சமத்துவத்துக்குச் செடிகொடிகளின் சிபாரிசு வேண்டியதில்லை. மனிதன் மனிதனாயிருப்பதே போதும். இயற்கை நமக்கு அறம் போதிக்க மலரவில்லை. நாம் முன்னரே முடிவுசெய்துகொண்டதை அதன் வாயில் திணித்துவிட்டு, "இயற்கையே சொல்கிறது" என்பது நேர்மையன்று.

ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இத்தகைய உவமைகள் மேடையோடு நிற்பதில்லை. மாணவரின் கட்டுரைப் புத்தகத்திலும் வந்து குடியேறுகின்றன. அங்கே அவற்றைக் கண்டாற் சிவப்பு மையால் வெட்டிவிடவேண்டாம். மாணவனின் கையில் ஒரு மூக்குத்திப் பூவையும் ஒரு கைவில்லையையும் கொடுத்து, சிறுபூக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணி முடிந்த பின்னர் அவன் விரும்பினால் உவமை எழுதட்டும்.