தரநிலைகளைப் படிக்கக் கட்டணம் எதற்கு?

உங்கள் வீட்டிலுள்ள மின்செருகி ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் மூன்று முனைகளில் ஒன்று மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக இருக்கும். சுவரிலுள்ள துளைக்குள் முதலில் நுழைவது அதுதான். அது நுழைந்த பிறகே, மற்ற இரு துளைகளையும் மூடியிருக்கும் சிறிய தடுப்புகள் விலகும். குழந்தைகள் அத்துளைகளில் கம்பி, ஊசி போன்றவற்றை நுழைத்து ஆபத்தில் சிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இது தயாரிப்பாளர் ஒருவரின் விருப்பத்தால் வந்ததன்று. வல்லுநர்கள் கூடிப் பேசி எழுதிவைத்த விதி. இத்தகைய விதிகளின் தொகுப்பையே தொழில்நுட்பத் தரநிலை என்கிறோம்.

நம் உயிரைக் காக்கும் தரநிலைகள் பலவற்றைப் படிக்க விரும்பினால், பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இது சரியா? சட்டம் கட்டாயமாக்கும் தரநிலைகளையாவது பொதுமக்கள் இலவசமாகப் படிக்க வழி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சக்கர நாற்காலியில் செல்லும் முதியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய கட்டடம் ஒன்றின் சாய்வுப் பாதையில் ஏற முடியாமல் அவர் திணறுகிறார். குறை அவருடைய கைகளிலா, பாதையிலா? சிங்கப்பூரில் இதற்கு விடை காண்பது எளிது. முதியோரும் உடற்குறையுள்ளோரும் தடையின்றி நடமாடுவதற்கான விதித்தொகுப்பைக் கட்டட, கட்டுமான ஆணையம் தன் இணையத்தளத்தில் இலவசமாக வெளியிட்டுள்ளது. ஒரு மீட்டர் உயரம் ஏற வேண்டுமானால், பாதை குறைந்தது 12 மீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்பதை அதிலிருந்து அறியலாம். பிறகு, அளவுநாடா ஒன்று போதும். பேரனோ பேத்தியோ அளந்து பார்த்து, "இது விதிக்கு முரணானது" என்று ஆதாரத்தோடு எடுத்துச் சொல்லலாம். அந்த விதித்தொகுப்பு விலைக்கு மட்டுமே கிடைத்திருந்தால், தாத்தாவின் முறையீடு வெறும் புலம்பலாகவே முடிந்திருக்கும்.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம்வரை சென்றது. பொம்மைகளின் பாதுகாப்பு தொடர்பான மூன்று தரநிலைகளையும் நிக்கல் உலோகம் தொடர்பான ஒன்றையும் தருமாறு இரண்டு அமைப்புகள் 2018இல் ஐரோப்பிய ஆணையத்திடம் கேட்டன. ஆணையம் மறுத்தது. ஆனால், ஐரோப்பிய நீதிமன்றம் 2024 மார்ச் 5ஆம் நாள் அந்த மறுப்புச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தரநிலைகள் சட்டத்தின் பகுதியாகிவிட்டன. ஆகவே, அவற்றை அறிந்துகொள்ள மக்களுக்கு வழி இருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். "சட்டம் எனக்குத் தெரியாது" என்று கூறி எவரும் தண்டனையிலிருந்து தப்ப முடியாது. அப்படியானால், அந்தச் சட்டத்தைக் காட்டுவதற்குக் கட்டணம் கேட்பது எப்படி நியாயமாகும்?

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். தரநிலையை உருவாக்க ஆய்வுகளும் கூட்டங்களும் தேவை; அவற்றுக்குச் செலவாகும்; விற்பனை வருமானம் நின்றால் பணியும் நின்றுவிடும் என்கின்றனர் அவர்கள். இக்கவலையைப் புறந்தள்ள முடியாது. எனினும், விற்பனை ஒன்றே வழியன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தான் உருவாக்கிய தரநிலைகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அதே வேளையில், பொருள்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை வழங்குவது போன்ற சேவைகளுக்குத் தயாரிப்பாளர்களிடம் கட்டணம் பெறுகிறது. முத்திரையால் பயன்பெறும் நிறுவனம் பணம் செலுத்துகிறது. படித்துப் பார்க்க விரும்பும் குடிமகன் செலுத்துவதில்லை.

எல்லாத் தரநிலைகளையும் இலவசமாக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. நிறுவனங்கள் தம் வசதிக்காகப் பின்பற்றும் தரநிலைகளை அவை விலை கொடுத்தே வாங்கலாம். ஆனால், மீறினால் தண்டனை என்று சட்டம் சொல்லும்போது, அந்தத் தரநிலை அனைவருக்கும் உரியதாகிவிடுகிறது. அளவுகோல் விற்பவரிடம் மட்டும் இருந்தால், வாங்குபவர் அவர் சொல்வதை நம்பத்தான் வேண்டும். அளவுகோல் வாங்குபவர் கையிலும் இருக்கும்போதுதான் அந்த நம்பிக்கைக்கு உறுதி கிடைக்கும்.