மூக்கைப் பொத்தினால் போதுமா?

காலையில் குழாயைத் திறந்ததும் முகம் சுளிக்கிறோம். பின்பு என்ன செய்கிறோம்? பானையில் வெட்டிவேர் போடுகிறோம். வசதியிருந்தால் கேன் தண்ணீருக்குச் சொல்லியனுப்புகிறோம். நாற்றம் மறைந்ததும் நம் கவலையும் மறைந்துவிடுகிறது. இது முறைதானா?

நாற்றம் என்பது தண்ணீர் நமக்குச் சொல்லும் செய்தி. முதலில் அதைப் புரிந்துகொள்வோம். சுத்தமான தம்ளரில் நீர் பிடித்து, வாசலுக்கு எடுத்துச் சென்று முகர்ந்து பார்ப்போம். அங்கே நாற்றமில்லை என்றால், குறை நீரிலன்று, குழாயடிச் சாக்கடையில்தான்.

மருந்து வாடை வீசினால் அது குளோரின். கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலந்த நீர் நம் வீட்டை அடையும்போது, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. சில மணி நேரம் மெல்லிய துணியால் மூடிவைத்தால் வாடை குறைந்துவிடும். மண்வாடை பெரும்பாலும் ஏரிப் பாசியால் வருவது. வெறுப்பூட்டுமே தவிர, அவ்வாடையால் தீங்கில்லை. அழுகிய முட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு வாயு. ஆழ்துளைக் கிணற்று நீரிலும், நெடுநாள் கழுவாத தொட்டியிலும் அது தோன்றும்.

சாக்கடை நாற்றம் அப்படியன்று. சில மணி நேரமே நீர் விடப்படும் ஊர்களில், நீர் நின்றதும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அருகே தேங்கும் கழிவுநீர் விரிசல் வழியே உள்ளே புகுகிறது. மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் அதிகமாய்ப் புகும். வாந்திபேதியும் டைபாய்டும் மஞ்சட்காமாலையும் இவ்வழியே வருகின்றன. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், விரிசல் அடைபடாது.

கேன் வாங்கும் வீட்டார் முறையிடுவதில்லை. தங்களுக்குக் குறை தீர்ந்ததென்று இருந்துவிடுகின்றனர். அதே தெருவில் கேன் வாங்க இயலாத வீட்டுக் குழந்தை அந்நீரையே குடிக்கிறது. அக்குழந்தை, வகுப்பில் நம் பக்கத்தில் அமரும் தோழியின் தங்கையாகவும் இருக்கலாம். வாய் திறக்க வசதியுள்ளவர்கள் மௌனம் சாதிப்பது பெருங்குறை என்பதே எங்கள் கருத்து.

தமிழ்த் தேர்வில் குடிநீர் வசதி வேண்டி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். தெருவின் பெயர், நாற்றம் தொடங்கிய நாள், நீர் வரும் நேரம், அண்டை வீட்டார் கையொப்பம் ஆகியவற்றோடு அவ்விண்ணப்பத்தை ஒருமுறை உண்மையாகவே எழுதுவோம். பெற்றோரும் கையொப்பமிடட்டும். பதில் வரும்வரை மீண்டும் மீண்டும் எழுதுவோம். மதிப்பெண் வராது, நல்ல தண்ணீர் வரும்.