குறைப்பது பருமனையா, நீளத்தையா?

அமெரிக்காவின் றொக்கி மலைகளில் காட்டாடு தேடி ஏறும் வேட்டைக்காரருக்குத் தோளிலுள்ள றைபிளின் ஒவ்வோர் அவுன்சும் சுமையே. ஆதலால், தமக்கெனத் துவக்குச் செய்விப்போர் குழலின் பருமனைக் குறைக்க முந்துவர். நாம் அதற்கு உடன்படோம். கோலின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. சிறிது மெலியினும் பெரிதும் தளரும். நீளத்தைக் குறைத்தாலோ எடை குறையும், விறைப்புக் கூடும். 26 அங்குலக் குழலை 22 ஆக்கினால், குண்டின் வேகம் சிறிது குறையும், அவ்வளவே.

மெல்லிய உருக்குக் குழலுக்குக் காபன் நார் சுற்றியவையும் உள; விலைதான் கையைக் கடிக்கும்.

மெலிந்த குழல் விரைவிற் சூடேறும். நாலைந்து வெடியில் குறி விலகவுங்கூடும். வேட்டையிலோ குளிர்ந்த குழலின் முதல் வெடியே கணக்கு. அது பிசகினால், காயம்பட்ட விலங்கு எவரும் எட்டாப் பாறையிடுக்கில் நெடுநேரம் துடித்து மாளும்.